அட்டைப் பெட்டியில் வந்த கம்ப்யூட்டர் வாத்தியார்: பழைய சுயபயிற்சிப் பாடங்களைக் காப்பாற்ற ஒரு முழு வழிகாட்டி

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய பேப்பர்காரர் வருவார். போன வருஷம் எதிர்வீட்டு அக்கா பரணைக் காலி செய்துகொண்டிருந்தபோது, அவர் தராசில் ஏற்றிக்கொண்டிருந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுச் செருப்புகூடப் போடாமல் ஓடினேன். தராசில் ஸ்பைரல் போட்ட எட்டுப் புத்தகங்கள். கீழே, கழித்துப் போட்ட குவியலில், ஐந்தேகால் இஞ்சு ஃப்ளாப்பி நான்கு, ஆடியோ கேசட் இரண்டு, கீபோர்டு படம் அச்சடித்த மடக்கு அட்டை ஒன்று.

"புக்கு மட்டும் எட்த்துக்கறேன் சார். இந்தக் கறுப்புத் தட்டுல்லாம் கடையில வாங்க மாட்டாங்கோ. நீ இன்னாத்துக்கு இத்தப் போயி கேக்கற?"

அக்காவுக்குச் சிரிப்பு. "அதுவா தம்பி? நான் பீச் ஸ்டேஷன் பக்கத்துல வேலைக்குப் போனப்ப தபால்ல வாங்கிப் படிச்ச கோர்ஸ். இதுக்கா இப்படி ஓடி வந்தே?"

இந்தப் பாடப் பெட்டிகள் அழிவது பெரும்பாலும் இப்படித்தான். யாரும் கொளுத்துவதில்லை, கிழிப்பதில்லை. பிரித்துவிடுகிறார்கள். புத்தகம் எடைக்கு ஒரு பக்கம், தட்டு குப்பைக்கு ஒரு பக்கம், கேசட் பையனின் விளையாட்டுக்கு ஒரு பக்கம். காப்பாற்ற வருகிறவர்களும் அதே தப்பைத்தான் வேறு மாதிரி செய்கிறார்கள். ஃப்ளாப்பியில் இருக்கும் புரோகிராமை மட்டும் காப்பி எடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறார்கள். அந்தப் புரோகிராம் "இப்போது புத்தகம் 3, பக்கம் 14-ஐப் பாருங்கள்" என்று சொல்லும்போது அந்தப் பக்கம் எங்கே? பெட்டி முழுசாக இருந்தால்தான் அது பாடம். கீழே சொல்லும் ஒவ்வொரு வேலையும் அந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

எவையெல்லாம் இதில் சேரும்

ஐபிஎம் பிசி வந்தது 1981-இல். நம் ஊர் வீடுகளுக்குள் பிசி நுழைய அதன் பிறகு பல வருஷம் ஆனது. நடுவில் 1984-85-இல் மத்திய அரசின் கிளாஸ் திட்டம் பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டர்களைப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தது. கம்ப்யூட்டர் பயிற்சி நிறுவனங்களான என்ஐஐடி 1981-லும், ஆப்டெக் 1986-லும் தொடங்கின. அங்கே கட்டணம் கட்ட முடியாதவர்களும், ஷிஃப்ட் வேலையில் இருந்தவர்களும் வீட்டிலிருந்தே படிக்க வழி தேடினார்கள். அந்தத் தேடலில் பிறந்தவைதான் இவை: தபால் வழிப் பாடங்கள், ஆடியோ கேசட்டோடு வந்த புத்தகங்கள், லோட்டஸ் 1-2-3 போன்ற மென்பொருளோடு சேர்ந்து வந்த பயிற்சித் தட்டுகள், விண்டோஸ் 3.1-க்குள்ளேயே இருந்த மவுஸ் பயிற்சி, பிறகு தொண்ணூறுகளின் நடுவில் வந்த மல்டிமீடியா சிடிக்கள்.

அக்காவின் பெட்டியில் இருந்த அட்டைக் கீபோர்டைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. வாரம் ஒரு மணி நேரம் யாரோ தெரிந்தவர் ஆபீஸில் உட்காரக் கிடைக்கும். மீதி ஆறு நாளும் அந்த அட்டையின் மேல்தான் விரல் ஓடும். அக்காவின் அட்டையில் 'கே' எழுத்தும் 'கண்ட்ரோல்' கட்டமும் மட்டும் தேய்ந்து வெளுத்திருக்கின்றன. அந்தக் காலத்து எழுத்து மென்பொருளான வேர்ட்ஸ்டாரில் சேமிக்க, பிளாக் குறிக்க எல்லாவற்றுக்கும் கண்ட்ரோல்-கே தான். எந்தப் பாடத்தை அவர் அதிகம் படித்தார் என்று தேய்மானமே சொல்கிறது. இதை எந்த டிஸ்க் இமேஜிலும் (தட்டின் முழு நகல் கோப்பு) பிடிக்க முடியாது.

முதல் வேலை: எதையும் டிரைவில் போடாதீர்கள்

கை பரபரக்கும். அடக்கிக்கொள்ளுங்கள். முதலில் பெட்டியை மூடியிருக்கும் நிலையில் ஒரு படம், திறந்து ஒரு படம், பிறகு ஒவ்வொரு பொருளாக எடுக்கும்போது ஒவ்வொரு படம். எந்தப் புத்தகத்துக்குள் எந்த ஃப்ளாப்பி செருகியிருந்தது என்பது முக்கியம். அக்காவின் மூன்றாம் தட்டு ஐந்தாம் புத்தகத்துக்குள் இருந்தது. லேபிளில் எண்ணே இல்லாததால், அது இருந்த இடத்தை வைத்துத்தான் எந்தப் பாடத்துக்கு உரியது என்று தெரிந்தது.

ஒரு நோட்டு போட்டு, ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் கொடுங்கள். எண்ணைப் பொருளின் மேல் பேனாவால் எழுதாதீர்கள். ஜிப் கவரில் போட்டு, கவரின் மேல் எழுதுங்கள். கட்டியிருந்த ரப்பர் பேண்டு உருகி ஒட்டியிருக்கும். அதை இழுத்துக் கிழிக்காமல் சின்னச் சின்னத் துண்டாக எடுங்கள். குண்டூசி, ஸ்டேப்ளர் பின் எல்லாம் நம் பக்கத்தில் கண்டிப்பாகத் துருப்பிடித்திருக்கும்.

காகிதச் சில்லறைகளை எறியவே கூடாது. மணியார்டர் ரசீது, தபால் உறை, திருத்தி வந்த விடைத்தாள், "உங்கள் பாடம் 6 கிடைக்கப்பெற்றோம்" என்ற கார்டு எல்லாமே பாடத்தின் பகுதிதான். தபால் முத்திரையில் இருக்கும் தேதிதான் பல சமயம் நமக்குக் கிடைக்கும் ஒரே தேதி. புத்தகத்தில் பதிப்பு வருஷம் போடாத கம்பெனிகள் ஏராளம்.

உப்புக் காற்று, ஈரம், பூசணம்

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் என்று கடலை ஒட்டி இருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஜன்னல் கம்பியே அரித்துப்போகிற ஊர். மழைக்காலத்தில் என் அறை மீட்டரில் ஈரப்பதம் 80-ஐத் தொட்டுவிடும். பெட்டிக்குள் 40-இலிருந்து 50 வரை இருந்தால் நிம்மதி. மூடி இறுகப் பூட்டும் பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், கூடவே சின்ன ஈரப்பத மீட்டர். இவ்வளவு போதும். நிறம் மாறும் ஜெல் வாங்கினால் எப்போது சூடாக்கி மறுபடி பயன்படுத்த வேண்டும் என்று தெரியும். அரிசியில் புதைக்கிற வித்தை வேண்டாம். மாவுத் தூசி தட்டுக்குள் போகும். ரசகற்பூர உருண்டையும் வேண்டாம். அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கிவிடும். புத்தகத்துக்கு வேப்பிலை வைப்பது பாட்டி காலத்துப் பழக்கம்தான், ஆனால் சரியாகக் காயாத இலை ஈரத்தையும் பூச்சியையும் கூட்டிக்கொண்டு வரும்.

ஃப்ளாப்பியை வெளிச்சத்தில் சாய்த்து, நீள்வட்ட ஜன்னல் வழியாகப் பாருங்கள். நடு ஓட்டையில் விரல் வைத்து மெதுவாகச் சுற்றிச் சுற்றிப் பாருங்கள். பளபளப்பான பழுப்பு மேற்பரப்பில் வெள்ளைப் புள்ளி, மங்கலான வட்டம், சிலந்தி வலை மாதிரி இழை தெரிந்தால் அது பூசணம்.

இதில் நான் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். பல வருஷம் முன்னால், என் கைக்கு வந்த முதல் பெட்டியில், ஓரத்தில் லேசான புள்ளி இருந்த தட்டை "பரவாயில்லை" என்று டிரைவில் தள்ளினேன். கர்ர்ர் என்று ஒரு சத்தம். வெளியே எடுத்தால் தட்டின் மேல் கண்ணாடியில் ஆணி இழுத்த மாதிரி ஒரு வளையம், அதற்குப் பின்னால் வெளிச்சம் தெரிந்தது. அது மட்டும் போயிருந்தால் சரி. டிரைவில் தட்டைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டிய பூசணத்தோடு அடுத்த தட்டையும் போட்டேன். அதுவும் போனது. இரண்டுமே நான் செய்த கொலை. இன்றைக்கும் ஒவ்வொரு தட்டுக்குப் பிறகும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு ஹெட்டைத் துடைக்காமல் அடுத்ததைப் போடுவதில்லை.

பூசணம் பிடித்த ஐந்தேகால் இஞ்சுத் தட்டைக் கழுவலாம். உறையின் மேல் விளிம்பைக் கத்தரியால் மெல்ல வெட்டி, உள்ளே இருக்கும் வட்டத்தை ஓரத்தையும் நடு ஓட்டையையும் மட்டும் பிடித்து வெளியே எடுங்கள். டிஸ்டில்டு வாட்டரில் ஒரே ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, விரல் நுனியால் தடவிக் கழுவுங்கள். தேய்க்காதீர்கள். வெறும் டிஸ்டில்டு வாட்டரில் இரண்டு முறை அலசி, தூசியில்லாத இடத்தில் நிற்க வைத்துக் காயவிடுங்கள். நன்றாகக் காய்ந்ததும், வேண்டாத ஒரு தட்டின் சுத்தமான உறைக்குள் செருகிப் படியுங்கள். ஒரே உறையைப் பல தட்டுக்குப் பயன்படுத்தலாம். அசல் உறையில் லேபிளும் கையெழுத்தும் இருப்பதால், வெட்டியிருந்தாலும் அதைப் பத்திரமாக வையுங்கள். மூக்குக்கு என்95 மாஸ்க் கட்டாயம். முடிந்தால் மொட்டைமாடியில், காற்றோட்டத்தில், ஆனால் வெயில் படாமல் செய்யுங்கள்.

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் புகுந்த வீடுகளிலிருந்து பொருள் வந்தால் வேறு கணக்கு. சேறோடு காய விட்டால் அது சிமெண்ட் மாதிரி பிடித்துக்கொள்ளும். ஈரமாக வந்த தட்டை, கழுவுகிற வரை சுத்தமான தண்ணீரிலேயே வைத்திருங்கள். நனைந்த புத்தகத்தை அன்றே பிரித்துக் காயவைக்க முடியாவிட்டால் பாலித்தீன் பையில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். பூசணம் வளராது, நேரம் கிடைக்கும். மீன் வைக்கிற ஃப்ரீசரில் புத்தகமா என்று வீட்டில் கேட்பார்கள், என் வீட்டிலும் கேட்டார்கள்.

ஃப்ளாப்பியைப் படிப்பது

மூன்றரை இஞ்சு ஃப்ளாப்பிக்கு யூஎஸ்பி டிரைவ் ஆன்லைனில் கிடைக்கும். அது 720 கேபி, 1.44 எம்பி தட்டுகளைப் படிக்கும், ஐந்தேகால் இஞ்சுக்கு உதவாது. பெரிய தட்டுக்குப் பழைய டிரைவ் ஒன்றைத் தேடித்தான் ஆகவேண்டும். நான் ரிச்சி தெருவில் மூன்று சனிக்கிழமை அலைந்து கிடைக்காமல், கடைசியில் வியாசர்பாடியில் ஒரு காயலான் கடையில், துருப்பிடித்த கேபினெட்டுக்குள் இருந்ததைக் கண்டுபிடித்தேன். கிடைத்தால் 1.2 எம்பி டிரைவாகவே வாங்குங்கள். அது 360 கேபி தட்டையும் படிக்கும். ஆனால் அதில் 360 கேபி தட்டின் மேல் எழுதவே கூடாது. அதன் ஹெட் மெலிசு என்பதால் பழைய அகலமான தடத்தின் நடுவில் புதுக்கோடு கிழித்த மாதிரி ஆகி, பிறகு பழைய டிரைவ் அதைப் படிக்கத் திணறும்.

அந்த டிரைவைக் கம்ப்யூட்டரோடு சேர்க்க கிரீஸ்வீசல் என்ற சின்ன போர்டு இருக்கிறது. கீர் ஃபிரேசர் என்பவர் உருவாக்கி, வடிவமைப்பை எல்லோருக்கும் திறந்துவிட்டது. ஒரு பக்கம் யூஎஸ்பி, மறுபக்கம் ஃப்ளாப்பிக்கான 34 பின் கேபிள். ஐந்தேகால் இஞ்சு டிரைவுக்கு 12 வோல்ட் வேண்டும், யூஎஸ்பியின் 5 வோல்ட் போதாது. பழைய கம்ப்யூட்டரின் மின்சாரப் பெட்டியான எஸ்எம்பிஎஸ் ஒன்றைத் தூசி தட்டி எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த போர்டின் அருமை இதுதான். சாதாரண டிரைவ், தான் புரிந்துகொண்ட எழுத்தை மட்டும் கொடுக்கும், புரியாவிட்டால் 'எர்ரர்' என்று கையை விரித்துவிடும். கிரீஸ்வீசல் தட்டின் மேல் காந்தம் திசை மாறும் ஒவ்வொரு நொடித் துணுக்கையும் அப்படியே குறித்துக்கொள்கிறது. இதை ஃப்ளக்ஸ் பதிவு என்கிறோம். அதிலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் வேலையைப் பிறகு, தட்டைத் தொடாமலே, எத்தனை தடவை வேண்டுமானாலும் செய்யலாம். காப்பி எடுக்கவிடாமல் பூட்டிய தட்டுகளுக்கும் இதுதான் வழி. பல சுயபயிற்சிக் கம்பெனிகள் அப்படிப் பூட்டித்தான் விற்றன.

செய்யும் வரிசை:

1. எழுதத் தடை போடுங்கள். ஐந்தேகால் இஞ்சில் ஓரத்து வெட்டை ஸ்டிக்கரால் மூட வேண்டும். மூன்றரை இஞ்சில் தலைகீழ், ஓட்டை திறந்திருந்தால்தான் பாதுகாப்பு. விண்டோஸ் 95-உம் 98-உம், தடையில்லாத ஃப்ளாப்பியைப் போட்டவுடன் நம்மைக் கேட்காமலே அதன் முதல் செக்டரில் (தடத்தின் ஒரு சின்னத் துண்டு) ஒரு அடையாளத்தை எழுதிவிடும். வெறுமனே திறந்து பார்த்தாலே தட்டு மாறிப்போகும்.
2. உங்களுடைய வேண்டாத தட்டு ஒன்றை முதலில் போட்டு, டிரைவ் கீறுகிறதா என்று பாருங்கள்.
3. ஒரே மூச்சில் ஃப்ளக்ஸ் எடுங்கள். குறைந்தது மூன்று சுற்றாவது பதிவாகட்டும்.
4. அதிலிருந்து செக்டர் இமேஜ் தயாரியுங்கள். 360 கேபி தட்டு என்றால் 40 டிராக் (வட்டத் தடம்), இரண்டு பக்கம், டிராக்குக்கு 9 செக்டர், செக்டருக்கு 512 பைட். ஆக இமேஜ் சரியாக 3,68,640 பைட் இருக்கவேண்டும். 1.44 எம்பி தட்டு என்றால் 14,74,560. ஒரு பைட் குறைந்தாலும் ஏதோ தப்பு.
5. ஹெட்டைத் துடைத்துவிட்டு அடுத்தது.

படிக்காத செக்டர் வந்தால் அதே டிரைவில் இருபது தடவை மோதிக்கொண்டிருக்காதீர்கள். சுற்றச் சுற்ற இருக்கும் பூச்சும் உரியும். ஐந்தாறு முறைக்கு மேல் வேண்டாம். தட்டை மறுபடி துடைத்து, வேறு டிரைவில் முயலுங்கள். ஒவ்வொரு டிரைவின் ஹெட்டும் நூலளவு தள்ளி உட்கார்ந்திருக்கும், ஒன்று விட்டதை இன்னொன்று பிடிக்கும். யூஎஸ்பி டிரைவ் மட்டும் இருப்பவர்கள் லினக்ஸில் டிடிரெஸ்க்யூ பயன்படுத்தலாம். அது நல்ல இடங்களை முதலில் வாரிக்கொண்டு, கெட்ட இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும்.

அக்காவின் நான்கு தட்டில் மூன்று முழுசாக வந்தன. இரண்டாம் தட்டில் மட்டும் டிராக் 31-இல் ஒரே ஒரு செக்டர் வரவில்லை. கழுவினேன், டிரைவ் மாற்றினேன், இரண்டு வாரம் கழித்துத் திரும்ப வந்தேன். என் கணக்கில் அது ஈரம் தின்ற இடம். "ஈரப்பதத்தால் சேதம்" என்று நோட்டிலும் எழுதிவைத்தேன்.

கேசட்

முதலில் பின்பக்க ஓரத்தில் இருக்கும் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் தகடுகளை உடைத்துவிடுங்கள். இனி தவறுதலாக ரெக்கார்டு பட்டனை அழுத்தினாலும் பதியாது. ஒரு முறை முழுவதும் முன்னும் பின்னும் சுற்றி டேப்பின் இறுக்கத்தைச் சரிசெய்யுங்கள். உள்ளே டேப்பை அழுத்தும் பஞ்சுத் துண்டு கழன்று விழுந்திருந்தால், ஸ்க்ரூ போட்ட வேறு கூட்டுக்கு ரீலை மாற்ற வேண்டும். அசல் கூட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

பழைய டெக்கின் பெல்ட் உருகித் தார் மாதிரி ஆகியிருந்தால் மாற்றுங்கள். ஹெட் பக்கத்தில் இருக்கும் சின்ன ஸ்க்ரூவை மிக மெதுவாகத் திருப்பி, குரலில் 'ச'கரமும் 'ஸ'கரமும் கூர்மையாகக் கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். இந்த ஒன்றைச் செய்தால் பாதி கரகரப்பு போய்விடும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், வேவ் கோப்பாகப் பதியுங்கள். ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளே போதும். எம்பி3 என்பது கேட்பதற்கான பிரதி மட்டும்.

ஓர் எச்சரிக்கை. அக்காவின் கேசட்டில் ஒரு பெண் குரல் "இப்போது எண்டர் விசையை அழுத்துங்கள்" என்று சொல்லும். பிறகு நீண்ட மௌனம். பிறகு 'டிங்' என்று மணி. மணி அடித்தால் பக்கத்தைத் திருப்ப வேண்டும். அந்த மௌனத்தை வெட்டி எடுத்துவிடத் தோன்றும், மென்பொருளே ஒரே சொடுக்கில் வெட்டிக் கொடுக்கும். வெட்டாதீர்கள். மாணவர் விசையைத் தேடிப் பிடிக்க ஆசிரியர் ஒதுக்கிய நேரம் அது. இரைச்சல் குறைப்பதும் அசல் கோப்பில் வேண்டாம், பிரதியில் செய்துகொள்ளுங்கள்.

பிபிசி மைக்ரோ, ஸ்பெக்ட்ரம் மாதிரி இயந்திரங்களுக்கான கேசட்டில் குரல் இருக்காது, கீச்சென்ற சத்தம்தான் புரோகிராம். பிபிசி மைக்ரோ நொடிக்கு 1200 பிட் வேகத்தில் கேசட்டிலிருந்து படிக்கும். அந்தச் சத்தத்தை எம்பி3 ஆக்கினால் புரோகிராம் பாழாகலாம். வேவ் எடுத்த பிறகு, அதிலிருந்து புரோகிராமைப் பிரிக்கத் தனிக் கருவிகள் உண்டு.

சிடி

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கீறல் இருக்கும் கீழ்ப்பக்கத்தைவிட லேபிள் பக்கம்தான் மென்மை, பளபளப்புப் பூச்சு அதற்கு நேர் கீழே இருக்கிறது. அங்கே ஸ்டிக்கர் இருந்தால் உரிக்காதீர்கள். மல்டிமீடியா பாடச் சிடிக்கள் பலவற்றில் முதல் டிராக்கில் டேட்டாவும் மற்றவற்றில் பாட்டு சிடி மாதிரி ஒலியும் இருக்கும். ஐஎஸ்ஓ வடிவில் எடுத்தால் ஒலி விட்டுப்போகும், பின்-கியூ வடிவில் எடுங்கள்.

புத்தகம்

ஸ்பைரல் கம்பியின் ஒரு முனையை நேராக்கி, ஸ்க்ரூ கழற்றுகிற மாதிரி சுற்றிக்கொண்டே வந்தால் முழுசாகக் கழன்றுவிடும். தாள்கள் தனித்தனியாக வந்துவிடுவதால் ஸ்கேனரில் மடிப்பு விழாது. 300 டிபிஐ போதும், டாட் மேட்ரிக்ஸ் அச்சுக்கும் சைக்ளோஸ்டைல் தாளுக்கும் 400 வையுங்கள். கறுப்பு வெள்ளைப் பக்கத்தையும் கலரிலேயே ஸ்கேன் செய்யுங்கள். அச்சு எது, மாணவர் பென்சிலில் எழுதியது எது, திருத்தியவரின் சிவப்பு மை எது என்று கலரில்தான் தெரியும். அசல் டிஃப் கோப்பாக இருக்கட்டும், பிடிஎஃப் பிறகு. வெற்றுப் பக்கங்களையும் விடாதீர்கள், இல்லாவிட்டால் பக்க எண் குழம்பும்.

ராமபாணப் பூச்சி தின்ற ஓட்டைக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தாளை வைத்து ஸ்கேன் செய்தால் அடுத்த பக்கத்து எழுத்து எட்டிப் பார்க்காது. செல்லோடேப் ஒட்டாதீர்கள்.

புத்தகத்தில் அச்சடித்த பேசிக் மொழிப் புரோகிராம்களை டெசராக்ட் மாதிரி எழுத்துணரியிடம் கொடுத்தால் பூஜ்யத்தை 'ஓ' என்றும், ஒன்றை 'எல்' என்றும் படித்து வைக்கும். அவற்றைக் கையால் தட்டச்சு செய்து, ஓட்டிப் பார்த்து, புத்தகத்தில் சொன்ன விடை வருகிறதா என்று சரிபார்ப்பதுதான் ஒரே வழி. சில சமயம் புத்தகத்திலேயே பிழை இருக்கும். அக்காவின் நான்காம் புத்தகத்தில் 60-ஆவது வரி 50-க்குப் போகச் சொல்லி, முடிவே இல்லாமல் சுற்றும். ஓரத்தில் பென்சிலில் அவர் "30" என்று திருத்தியிருக்கிறார். இப்படிப்பட்ட பிழையை நீங்கள் திருத்தாதீர்கள், குறிப்பில் மட்டும் சொல்லுங்கள்.

ஓடுகிறதா என்று பார்ப்பது

காப்பி எடுத்ததோடு நிறுத்தினால், எடுத்தது சரியா என்று யாருக்கும் தெரியாது. பழைய டாஸ் கம்ப்யூட்டர் மாதிரி நடிக்கும் டாஸ்பாக்ஸ் மென்பொருளில் இமேஜை ஏற்றி முதல் பாடத்திலிருந்து கடைசிவரை நடத்திப் பாருங்கள். ஐபிஎம் பிசியின் வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். அதை நம்பி எழுதிய பாடம் இன்றைய வேகத்தில் ஓடினால், திரையில் எழுத்து வந்து கண் சிமிட்டுவதற்குள் அடுத்த பக்கம் போய்விடும். டாஸ்பாக்ஸில் வேகத்தைக் குறிக்கும் சைக்கிள்ஸ் எண்ணைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். "ரன்டைம் எர்ரர் 200" என்று வந்து நின்றால் பதறாதீர்கள், தட்டு கெடவில்லை. டர்போ பாஸ்கலில் எழுதிய புரோகிராம்கள் தொடக்கத்தில் பிராசசரின் வேகத்தை அளக்கும்போது, வேகம் மிஞ்சிப்போய்க் கணக்கு தடுமாறுவதால் வரும் பிழை அது. வேகத்தைக் குறைத்தால் ஓடும்.

அந்தக் காலத்தில் நம் ஊரில் பலர் பார்த்தது பச்சை அல்லது அம்பர் நிற மானிட்டர், ஹெர்குலிஸ் என்ற டிஸ்ப்ளே கார்டு, 720-க்கு 348 புள்ளிகள். கலரில் ஓட்டி ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் மாணவர் கண்ட காட்சி அதுவாக இருக்காது. டாஸ்பாக்ஸில் ஹெர்குலிஸ் என்றே தேர்ந்தெடுக்கலாம். இன்னும் நுணுக்கம் வேண்டும் என்றால் 86பாக்ஸ் பயன்படுத்துங்கள். அது ஆன் செய்தவுடன் வரும் பயாஸ் திரையிலிருந்தே பழைய இயந்திரமாக நடந்துகொள்ளும்.

தட்டில் மாணவர் சேமித்த கோப்புகளும் இருக்கலாம். வேர்ட்ஸ்டார் கோப்பை நோட்பேடில் திறந்தால் ஒவ்வொரு சொல்லின் கடைசி எழுத்தும் கிறுக்கலாகத் தெரியும். அது சேதமில்லை. ஒவ்வொரு சொல்லின் கடைசி எழுத்திலும் எட்டாவது பிட்டை வேர்ட்ஸ்டார் தன் வசதிக்காக எடுத்துக்கொள்ளும்.

தமிழில் அடித்த கோப்பு என்றால் இன்னொரு தலைவலி. யூனிகோடு பரவுவதற்கு முன்னால் ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியேற்றம் (எழுத்துக்கு எண் கொடுக்கும் முறை). 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில்தான் டாம், டாப் குறியேற்றங்களும் தமிழ்99 விசைப்பலகையும் தரப்படுத்தப்பட்டன. இணையத்தில் டிஸ்கி என்ற குறியேற்றம் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு முந்தைய கோப்பு உங்களிடம் இருந்தால், அதை அடித்த எழுத்துருக் கோப்பையும் அதே தட்டிலோ அதே கம்ப்யூட்டரிலோ தேடி எடுத்துச் சேர்த்து வையுங்கள். எழுத்துரு தொலைந்தால் அந்தத் தமிழ் வெறும் கிறுக்கல். என்எச்எம் கன்வெர்ட்டரில் யூனிகோடுக்கு மாற்றலாம். மாற்றியது பிரதி, மாற்றாதது அசல், இரண்டும் இருக்கட்டும்.

பெயர், கணக்கு, பிரதி

கோப்புப் பெயரை ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல், நோட்டில் கொடுத்த எண்ணை முன்னால் வைத்து எழுதுங்கள். ஒவ்வொரு கோப்புக்கும் கைரேகை மாதிரியான எஸ்எச்ஏ-256 எண் எடுத்து ஒரு பட்டியலில் வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை மறுபடி கணக்குப் போட்டு ஒப்பிட்டால், சத்தமில்லாமல் கெட்டுப்போன கோப்பு மாட்டிக்கொள்ளும். கூடவே சாதாரண எழுத்துக் கோப்பு ஒன்று: பெட்டி எங்கே கிடைத்தது, என்னென்ன இருந்தது, எது இல்லை, எந்த டிரைவில் படித்தீர்கள், எது வரவில்லை.

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில். நம் பகுதியில் இந்தக் கடைசி விஷயத்தை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கொருக்குப்பேட்டையில் ஒன்றும் வியாசர்பாடியில் ஒன்றும் வைத்தால் ஒரே மழையில் இரண்டும் மிதக்கும். என்னுடையது ஒன்று திருச்சியில் தங்கை வீட்டு மாடியில் இருக்கிறது. பென் டிரைவை நம்பாதீர்கள், அது கொண்டுபோய்க் கொடுப்பதற்குத்தான்.

யாருக்குக் கொடுக்கலாம்

பழசு என்பதால் உரிமை போய்விடாது. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி எழுத்துப் படைப்புக்கு எழுதியவர் வாழ்நாளும் அதன் பின் 60 வருஷமும் பாதுகாப்பு. முறையாக வாங்கிய மென்பொருளுக்குத் தொலைவு, சேதத்திலிருந்து காப்பாற்றிக்கொள்ளத் தனக்கென்று ஒரு பிரதி எடுக்கப் பிரிவு 52 இடம் கொடுக்கிறது. வணிக நோக்கமில்லாத பொது நூலகம், தன்னிடம் ஏற்கெனவே மின்வடிவம் அல்லாத பிரதியாக இருப்பதைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமிக்க 2012 திருத்தம் வழி செய்தது. ஆகவே காப்பாற்றுவது ஒன்று, இணையத்தில் ஏற்றுவது வேறொன்று. கம்பெனி இன்னும் இருந்தால் ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள். மைக்ரோசாஃப்டே ஜிடபிள்யூ-பேசிக்கின் மூலநிரலை 2020-இலும், எம்எஸ்-டாஸ் 4.0-இன் மூலநிரலை 2024-இலும் திறந்துவிட்டது. பிபிசி தன் கம்ப்யூட்டர் எழுத்தறிவுத் திட்டத்தின் நிகழ்ச்சிகளையும் மென்பொருளையும் சேர்த்தே 2018-இல் இணையத்தில் வைத்தது. புத்தகம் ஒரு பக்கம், தட்டு ஒரு பக்கம் என்று பிரிக்காத அந்த ஒழுங்கைப் போய்ப் பார்க்கலாம்.

விடைத்தாள்களில் பெயர், முகவரி, மதிப்பெண் இருக்கும். வெளியே காட்டும் பிரதியில் அவற்றை மறையுங்கள். அசல் பெட்டியை வைத்துக்கொள்ள இடமில்லை என்றால், தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் மாதிரி இடங்களில் கேட்டுப் பாருங்கள். கொடுத்தால் முழுப் பெட்டியாகக் கொடுங்கள்.

படித்தவரை உட்கார வையுங்கள்

படித்தவர் உயிரோடு இருந்தால் இந்த வேலையைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். நான் தள்ளினேன். எல்லாம் முடிந்த பிறகுதான் அக்காவைக் கூப்பிட்டு, லேப்டாப்பில் டாஸ்பாக்ஸைத் திறந்து, பக்கத்தில் போனை வைத்து ரெக்கார்டு போட்டேன்.

முதலில் கூச்சப்பட்டார். "இதெல்லாம் எங்கப்பா ஞாபகம் இருக்கு." பாடம் ஒன்று, இரண்டு என்று போகப் போக விரல் தானாக கண்ட்ரோல்-கே-டி அழுத்தியது, கீழே பார்க்கவே இல்லை. ஒன்பதாம் பாடம் வந்தது. பாதியில் திரை நின்று, பாடத்தைப் படிக்க முடியவில்லை என்று செய்தி வந்தது. இரண்டாம் தட்டு, டிராக் 31. "மன்னிச்சுக்குங்கக்கா, ஈரத்துல அந்த இடம் போயிடுச்சு" என்றேன்.

"ஈரமா? அது வந்தப்பவே அப்படித்தான் தம்பி. ஒம்போதாவது பாடம் எனக்கு ஓடினதே இல்ல. மூணு லெட்டர் போட்டேன், வேற தட்டு அனுப்பவே இல்ல. அப்புறம் புக்கைப் பார்த்து அட்டையிலேயே அடிச்சுப் பழகிட்டேன்."

நோட்டை எடுத்து "ஈரப்பதத்தால் சேதம்" என்பதை அடித்துவிட்டு, "வாங்கிய நாளிலிருந்தே பழுது, மாணவர் சொன்னது" என்று எழுதினேன். அக்கா அதற்குள் எஸ்கேப் அழுத்திப் பத்தாம் பாடத்துக்குப் போயிருந்தார்.